திருகாணியும் நொய்ந்த எலும்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். எனக்கு முன் பேசிய அன்பர் கம்பனின் கவிநயத்தைச் சுவைபட எடுத்துரைத்து அமர்ந்தார். நானோ எலும்பைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் பேச வந்து நிற்கிறேன். சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கு இந்தப் பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு.

நம் காலனியில் அறுபதையும் எழுபதையும் கடந்த தாய்மார் பலர் இருக்கிறார்கள். மகன் வேலை பார்க்கும் ஊரைத் தேடித் தம் ஊரை விட்டு வந்தவர்கள். முதுகு வலி என்று அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றால், டாக்டர் படத்தை விளக்கின்முன் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஹட்டி கம்ஜோர் ஹை” என்கிறார். எலும்பு வலிவிழந்துவிட்டது என்பது பொருள். அடுத்த மூச்சிலேயே, திருகாணி முடுக்கிக் கம்பி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். “என்னப்பா சொல்றார்?” என்று தாயார் கேட்கிறார். மகன் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அவனுக்கே அது விளங்கினால் அன்றோ தாயாருக்கு விளக்க முடியும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாமியாருக்கு இந்நிலை நேர்ந்தது. நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். “எலும்பே உளுத்துப் போச்சுன்னா, அதுல முடுக்குற ஆணி எப்படி மாப்பிள்ளை நிக்கும்?” அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். உலகெங்கும் பொறியியல் வல்லாரும் அறுவை மருத்துவரும் அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருவதும் இதே கேள்விதான். அதற்கு அவர்கள் எவ்வாறு விடை தேடுகிறார்கள், அந்த விடை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இன்றைய என் பேச்சு.

முதலில் எலும்பு. நம் முதுகுத்தண்டு 33 முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5. எஞ்சியவை கீழே ஒன்றோடொன்று கூடிப்போனவை. ஒவ்வொரு முள்ளெலும்பின் முன்புறமும் நூற்கண்டு போல் உருண்ட பகுதி ஒன்று உண்டு. உடலின் பாரத்தைத் தாங்குவது அதுவே. பின்புறம் ஒரு வளையம். அதனுள்தான் நரம்புத் தண்டு இறங்குகிறது. முன் உருளையையும் பின் வளையத்தையும் வலத்திலும் இடத்திலும் இரண்டு குட்டையான பாலங்கள் இணைக்கின்றன. இவற்றைக் காம்பு என்பர். திருகாணி பின்னிருந்து இந்தக் காம்பின் வழியே நுழைந்து உருளைக்குள் செல்கிறது. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளில் இவ்வாறு ஆணிகளை முடுக்கி, அவற்றின் தலைகளை ஒரு கம்பியால் பிணைத்துவிட்டால், நடுவே நொறுங்கியதோ நழுவியதோ ஆன எலும்பு அசையாமல் நிற்கும். அசையாமல் நின்றால் எலும்பும் எலும்பும் கூடும். ஆணியின் வேலை அதுவரைதான். எலும்பு கூடாமற் போனால் எந்த உலோகமும் வாழ்நாள் முழுதும் பாரம் சுமக்காது.

காம்பின் வழியே ஆணி செலுத்தும் முறையைக் கானடா நாட்டு மருத்துவர் பவுச்சர் 1959-இல் எழுதினார். பிரான்சில் ரேமண்ட் ராய்-காமில் 1963 முதல் தகட்டோடு சேர்த்து இதனைச் செய்து, 1970-இல் வெளியிட்டார். இன்று முதுகெலும்பு அறுவையில் இதுவே பெருவழக்கு.

உருளையின் உட்புறம் கட்டியான எலும்பு அன்று. ரஸ்கு ரொட்டியை உடைத்துப் பார்த்தால் தெரியுமே, அதுபோல் நுண்ணிய எலும்புக் கழிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலை. எலும்புப் புரை நோய், அதாவது ஆஸ்டியோபொரோசிஸ், இந்தக் கழிகளை மெலிவித்து அறுத்துவிடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் இத்தேய்வு விரைகிறது. குறுக்குக் கழிகள் அற்றுப்போவது பெருங்கேடு. கட்டடம் கட்ட மூங்கிற் சாரம் கட்டுகிறார்களே, அதில் நெட்டுக் கழிகளை அப்படியே நிறுத்திவிட்டுக் குறுக்குக் கழிகளை மட்டும் அவிழ்த்தால் என்ன ஆகும்? கழியின் எண்ணிக்கை பாதிதான் குறைந்தது. ஆனால் சாரத்தின் வலிவோ பாதிக்கும் மிகக் கீழே போய்விடும். எலும்பிலும் இதுவே நடக்கிறது. இத்தகைய எலும்பின் வலிவு அதன் அடர்த்தியின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது என்று கார்ட்டர், ஹேய்ஸ் என்னும் இருவர் 1977-இல் காட்டினர். அடர்த்தி பாதியானால் வலிவு கால்பங்கு ஆகும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இனி சோதனைக்கு வருவோம். நம் காலனியில் வளர்ந்து பொறியியற் கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர், தம் கல்லூரிச் சோதனைக் கூடத்தில் இதனை எனக்குக் காட்டினார். இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன்.

மேசைமேல் தேங்காய் பர்பி போன்ற வெண்ணிறக் கட்டிகள் இருந்தன. பாலியூரிதேன் என்னும் பொருளை நுரைக்கச் செய்து இறுக வைத்தவை. எலும்புக்குப் பதில் இவற்றில்தான் ஆணியை முடுக்குகிறார்கள். எலும்பையே எடுக்காமல் நுரைக்கட்டி எதற்கு? இறந்தோர் உடலிலிருந்து பெறும் எலும்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளின் இரண்டு முள்ளெலும்புகளும் ஒத்திரா. இரண்டு ஆணிகளை ஒப்பிட வேண்டுமானால், அவை நிற்கும் நிலம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்னும் தர நிர்ணய அமைப்பு, எஃப் 1839 என்ற விதியில் இக்கட்டிகளை அடர்த்தி வாரியாக வகுத்துள்ளது. ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ உள்ள கட்டியை நல்ல எலும்புக்கும், 160 கிலோ உள்ளதை நோயுற்ற எலும்புக்கும், 80 கிலோ உள்ளதை மிக முற்றிய நோய்க்கும் ஈடாக ஆய்வாளர் வழக்கமாகக் கொள்வர். 80 கிலோக் கட்டியை விரல் நகத்தால் அழுத்தினேன், குழி விழுந்தது.

ஆணியைக் கட்டியில் முடுக்கி, கட்டியை இயந்திரத்தின் அடியில் இறுக்கி, ஆணியின் தலையை மேலே கவ்விக்கொண்டு நேராக இழுக்கிறார்கள். நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர் வேகம். எஃப் 543 என்ற விதி அவ்வாறு கூறுகிறது. கணினித் திரையில் ஒரு கோடு மலை ஏறுவது போல் ஏறி, உச்சியைத் தொட்டுச் சட்டென்று சரிகிறது. அந்த உச்சிதான் பிடுங்கு விசை. வெளிவந்த ஆணியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆணிக்கு ஒரு கீறலும் இல்லை. அதன் மரைகளுக்கு இடையே வெண்பொடி அடைந்திருந்தது. தோற்றது ஆணி அன்று, கட்டி.

இந்த விசையைச் சோதனைக்கு முன்னரே கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. சாப்மன் என்பவரும் உடனாய்ந்தோரும் 1996-இல் தந்தது. ஆணியின் நீளம், அதன் விட்டம், பை என்னும் 3.14, கட்டியின் நறுக்கு வலிவு, மரையின் வடிவத்துக்குரிய ஓர் எண் ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். அவ்வளவே. மெட்ரிக்குலேஷன் கணக்குப் போதும். வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன். 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 40 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஆணி. மரை எண் 0.76 என்று வைத்துக்கொண்டேன். 320 கிலோக் கட்டியின் நறுக்கு வலிவு சதுர மில்லிமீட்டருக்கு 4.3 நியூட்டன். பிடுங்கு விசை ஏறத்தாழ 2,670 நியூட்டன் வருகிறது. அதாவது 270 கிலோ எடையைத் தொங்கவிட்டால்தான் ஆணி வெளிவரும். 160 கிலோக் கட்டியில் நறுக்கு வலிவு 1.6. விசை 1,000 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. 100 கிலோ எடை. 80 கிலோக் கட்டியில் 0.59. விசை 370 நியூட்டன் அளவே; 37 கிலோ எடை போதும், ஆணி கையோடு வந்துவிடும்.

ஆணியைத் தடிப்பாக்கினால் என்ன என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. 160 கிலோக் கட்டியில் விட்டத்தை 7.5 மில்லிமீட்டர் ஆக்கினேன். விசை 1,150 ஆகிறது. நூற்றுக்குப் பதினைந்து கூடுதல். நல்ல கட்டியில் 5.5 மில்லிமீட்டர் மெல்லிய ஆணி 2,250 நியூட்டன் வரை பிடிக்கிறது. அதாவது நல்ல எலும்பில் மெல்லிய ஆணி, நொய்ந்த எலும்பில் தடித்த ஆணியைப் போல் இரு மடங்கு நிற்கிறது. ஆணியைப் பற்றி விளம்பரத்தாள்களில் எத்தனை பக்கம் எழுதினாலும் சரி, எலும்பு தரவேண்டியதை ஆணி தர முடியாது. என் மாமியார் கேட்டதில் பொருள் இருந்தது.

மேலும், தடிப்பாக்குவதற்கும் எல்லை உண்டு. ஆணியின் பிடியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு காம்பிலிருந்தே கிடைக்கிறது என்று கணக்கிட்டுள்ளனர். அந்தக் காம்போ மார்பின் நடுப்பகுதியில் மிகக் குறுகியது. மிகத் தடித்த ஆணியை அதில் நுழைத்தால் காம்பே பிளந்துவிடும். பக்கத்தில் நரம்பு இருக்கிறது.

நுரைக்கட்டிச் சோதனையை நான் இவ்வளவு விரித்தமைக்குக் காரணம், ஆணி விற்போர் எடுத்துக்காட்டும் எண்கள் பெரும்பாலும் இதிலிருந்தே வருவன. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இக்கட்டி மனித எலும்பின் இயல்பை அப்படியே காட்டுவதற்கு ஆனதன்று என்று எஃப் 1839 விதியே சொல்லிவிடுகிறது. கட்டியில் மச்சை இல்லை, இரத்தம் இல்லை, புறத்தே உள்ள கெட்டியான ஓடு இல்லை. காயம் ஆறுவதும் இல்லை. ஓர் ஆணியை இன்னோர் ஆணியோடு ஒப்பிட அது உதவும். பாட்டியின் முதுகில் ஆணி எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலிருந்து சொல்வது முறையன்று. அதனால்தான் தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைத்துச் செல்லும் பெரியோரின் முள்ளெலும்புகளிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கிறார்கள். அந்தக் கொடை இல்லையேல் இந்த விஞ்ஞானம் பாதியில் நின்றிருக்கும்.

இன்னும் பெரிய குறை ஒன்று உண்டு. நடக்கும்போதும் குனியும்போதும் எவரும் ஆணியை நேராகப் பிடுங்குவதில்லை. உடலின் பாரம் அதனை மேலும் கீழுமாக அசைக்கிறது. இரயில்வேக் குடும்பத்தாருக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. இன்று எங்கும் காங்கிரீட் கட்டைகள் வந்துவிட்டன. மரத்தாலான ஸ்லீப்பர் கட்டைகள் இருந்த காலத்தில் தண்டவாளத்தைப் பிடித்திருந்த ஆணியை யாராவது நேராகப் பிடுங்கினார்களா? வண்டி போகப் போக, தண்டவாளம் ஆடி ஆடி, ஆணித்துளை அகன்றது. உளுத்த கட்டையில் விரைவாக அகன்றது. கேங்மேன் வந்து பழைய துளையில் மரத்தக்கை அடித்து அதன்மேல் புது ஆணி அடிப்பார். முதுகெலும்பிலும் அவ்வாறே. காம்பு நடுவே ஊன்றுகோல் போல நிற்க, ஆணியின் நுனி ஒரு பக்கமும் தலை மறுபக்கமுமாக ஆடுகிறது. மோட்டார் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கும் தண்டு போல அது எலும்பைத் துடைத்து இடம் பண்ணிக்கொள்கிறது. எக்ஸ்ரே படத்தில் ஆணியைச் சுற்றி ஒரு கரிய விளிம்பு தெரிந்தால், ஆணி தளர்ந்தது என்று மருத்துவர் அறிவர்.

ஆகவே இழுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், ஆணியை ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் அசைத்தபின் பிடி எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கும் சோதனையே எலும்புப் புரை நோயாளிக்கு உண்மையில் பொருந்துவது. இழுப்பில் முதலிடம் பெற்ற ஆணி அசைப்பிலும் முதலிடம் பெறும் என்று சொல்ல இயலாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. “50 இலட்சம் சுற்றுச் சோதனையில் தேறியது” என்று சில ஆணிகளைப் பற்றிச் சொல்வார்கள். அது எஃப் 1717 என்னும் வேறொரு சோதனை. ஆணியையும் கம்பியையும் கெட்டியான பாலிஎத்திலீன் கட்டிகளில் பூட்டி, 50 இலட்சம் முறை அழுத்தி, உலோகம் முறிகிறதா என்று பார்ப்பது. நாளுக்கு 7,000 அடி நடப்பவருக்கு இரண்டு ஆண்டு நடைக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அச்சோதனை தேவையானதே; உலோகம் முறியாது என்று அது நமக்கு உறுதி சொல்கிறது. ஆனால் அங்கே கட்டி நொய்ந்துபோகாத பிளாஸ்டிக். ஆகையால் எலும்பு தாங்குமா என்பதைப் பற்றி அந்த 50 இலட்சம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இளைஞர் முதுகில் எலும்பு கூடாமற்போனால் ஆணி முறிவதுண்டு. முதிய தாய்மாரிடம் பெரும்பாலும் ஆணி முறிவதில்லை, எலும்பே விட்டுக்கொடுக்கிறது.

கேங்மேன் அடித்த மரத்தக்கைக்கு ஈடாக மருத்துவர் கையாள்வது ஒரு வகைச் சிமெண்ட். வீடு கட்டும் சிமெண்ட் அன்று; பி.எம்.எம்.ஏ. என்னும் பிளாஸ்டிக் குழம்பு. ஒவ்வோர் ஆணிக்கும் ஓரிரு மில்லி லிட்டர் அளவில் செலுத்தினால், அது எலும்பின் புரைகளில் பரவிச் சில நிமிடங்களில் இறுகிவிடும். உடலிலேயே துளைகள் உள்ள ஆணியை முதலில் முடுக்கி, அதன் வழியே குழம்பைச் செலுத்துவதும் உண்டு. பிடுங்கு விசை இதனால் இரு மடங்கும் அதற்கு மேலும் உயர்ந்ததாகப் பல சோதனைகள் காட்டுகின்றன. அசைப்புச் சோதனையிலும் இது பயன் தருகிறது. ஆயினும் இலவசமாக வரும் வரம் எதுவும் இல்லை. குழம்பு எலும்பிலுள்ள இரத்தக் குழாய்க்குள் கசிந்து நுரையீரல் வரை செல்லக்கூடும்; நரம்பின் பக்கமும் ஒழுகக்கூடும். பின்னாளில் அந்த ஆணியைக் கழற்ற நேர்ந்தால் பெரும்பாடு. சிமெண்டால் விறைத்த எலும்பின் மேலோ கீழோ உள்ள எலும்பு நொறுங்குவதும் உண்டு. எல்லா ஆணிக்கும் சிமெண்ட் இட வேண்டுமா, ஓரத்து ஆணிகளுக்கு மட்டும் போதுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேறு வழிகளும் உள. காம்பின் கெட்டியான ஓட்டை உரசிச் செல்லுமாறு ஆணியை உள்ளிருந்து வெளிப்புறமாகச் சாய்த்துச் செலுத்தும் புதுப் பாதை ஒன்று 2009-இல் வெளியாயிற்று. உள்வலை கெட்டிருந்தாலும் ஓடு தாங்கும் என்பது அதன் கருத்து. உள்ளே சென்றபின் நுனி விரியும் ஆணிகள் உண்டு. பாரத்தைப் பங்கிட இன்னும் இரண்டு முள்ளெலும்புகளைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. இவையெல்லாம் ஆணிப் பக்கத்து வைத்தியம்.

எலும்புப் பக்கத்து வைத்தியமும் உண்டு என்பதே நான் சொல்ல வந்தது. நாம் போட்ட கணக்கில் பெரிய ஏற்றம் தருவது கட்டியின் அடர்த்தி அன்றோ? டெரிபாராடைடு என்னும் மருந்து நாள்தோறும் ஊசியாகப் போட்டுக்கொள்ளத்தக்கது. எலும்பைப் புதிதாக வளர்ப்பது. அதைப் பெற்ற எலும்புப் புரை நோயாளிப் பெண்களுக்கு ஆணி தளர்வது குறைந்ததாக ஜப்பானிய மருத்துவர் 2013-இல் வெளியிட்டனர். அதன் விலை சிறிதன்று. எல்லார்க்கும் ஏற்றதும் அன்று. கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்திருந்தால் அவற்றை ஈடுசெய்வது சிறு செலவே.

என் மாமியாருக்கு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலிற் பார்த்த ஆஸ்பத்திரியில் மறு வாரமே அறுவை என்றார்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கவில்லை. இரண்டாவது மருத்துவர் முதலில் டெக்ஸா என்னும் அடர்த்திச் சோதனைக்கு அனுப்பினார். நல்ல இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டு அது ஓர் எண் தரும். -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப் புரை நோய் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. அவருக்கு -3.2 இருந்தது. நரம்பு நசுங்கவில்லை, காத்திருக்கலாம் என்று கண்டு, மூன்று மாதம் ஊசி போட்டபின் அறுவை செய்தார். மேலும் கீழும் உள்ள நான்கு ஆணிகளுக்கு மட்டும் சிமெண்ட் இட்டார். ஊசியை அறுவைக்குப் பின்னும் தொடரச் செய்தார். அம்மையார் இன்று இந்தக் கொட்டகையில்தான் அமர்ந்திருக்கிறார். எந்த வரிசை என்று சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

காலிலோ கையிலோ வலிவு குறைந்தாலும், சிறுநீர் அடக்க முடியாமற் போனாலும் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. அங்கே அறுவைக்கு முன்னுரிமை. அல்லாதபோது, “எலும்பின் அடர்த்தியை அளந்தீர்களா? எண் என்ன? அந்த எண்ணுக்கு ஏற்ப ஆணியிலும் மருந்திலும் என்ன மாற்றம் செய்வீர்கள்?” என்று கேளுங்கள். இந்தியில் கேட்கத் தயங்குவோர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். எழுதித் தர நான் இருக்கிறேன். முதியவர்களின் முதுகில் எலும்பு முளைகள் இருந்தால் டெக்ஸா எண் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும். ஆகவே தொடை எலும்பின் கழுத்திலும் அளக்கச் சொல்வது நலம்.

 

(உரைக்குப் பின் தாய்மார் ஒருவர் கேட்ட வினாவும் அதற்கு அளித்த விடையும் மலர்க்குழுவினரின் விருப்பப்படி ஈண்டுச் சேர்க்கப்பட்டுள்ளன.)

வினா: எலும்பு கூடியபின் ஆணியை எடுத்துவிட வேண்டுமா?

விடை: முதியவர்களுக்குப் பெரும்பாலும் எடுப்பதில்லை. சீழ் பிடித்தாலோ, ஆணி தளர்ந்து வலி தந்தாலோ, வெளியே துருத்திக்கொண்டு வந்தாலோ எடுப்பர். படத்தில் தளர்வு தெரிந்தும் வலியின்றி நடமாடுவோர் உண்டு. அவர்களை மருத்துவர் கண்காணித்து வருவர். ஆணி பெரும்பாலும் டைட்டேனியத்தால் ஆனது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் செல்லும்போது முதுகில் ஆணி உள்ளது என்பதை முன்னரே சொல்லி, அறுவைச் சீட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.